றொஜன் அண்ணையின் வலது கை

வீதியோரத்து இரட்டை மஞ்சள் கோடு வந்ததும் றொஜனின் இடது கால் ஒரு சாண் கூடுதலாக எழும்பும். கோட்டில் படாமல் அப்பால் போய் இறங்கும். லண்டன் மோர்டன் ஸ்டேஷனில் ரயில் வாசலுக்கு முன்னால் இருக்கிற மஞ்சள் கோடு, சூப்பர்மார்க்கெட் கார்ப்பார்க்கின் வெள்ளைக் கோடு, பள்ளிக்கூட வாசலின் வளைகோடு, எதையும் அவர் மிதிப்பதில்லை. ஐம்பத்து மூன்று வயது மனிதர், கொஞ்சம் தொந்தியும் உண்டு, நடைபாதையில் இப்படித் திடீரென்று காலைத் தூக்கினால் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? நாய் அசிங்கம் செய்திருக்கிறது என்று நினைத்துத் தாங்களும் தாண்டுவார்கள். ஒரு நாள் காலை ஐந்து பேர் வரிசையாக, ஒன்றுமே இல்லாத இடத்தைத் தாண்டிப் போனதை அவருடைய மனைவி மெற்றில்டா தன் கண்ணால் கண்டிருக்கிறார்.

இது பேஸ்போல் ஆட்டக்காரர்களின் பழக்கம். மைதானத்தின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இழுத்திருக்கும். உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ அதை மிதித்துவிட்டால் அன்றைய பொழுது உருப்படாது என்று எறிகிறவர்கள் நம்புவார்கள். றொஜன் எறிகிறவராக இருந்தவர். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடிவந்து வீசுவார். பேஸ்போலில் எறிகிறவர் நடுவிலுள்ள சின்ன மண்மேட்டில் நின்ற நிலையிலேயே எறிவார். அவர் எறியும்வரை ஒன்றும் நடக்காது. ஆட்டக்காரர், நடுவர், பார்வையாளர் எல்லோரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "அந்த ஒரு செக்கன் இருக்கே, உலகம் மூச்சை அடக்கிக்கொண்டு நிக்கும். நான் விட்டாத்தான் அதுவும் விடும்" என்பார் றொஜன். சொல்லும்போது கண் எங்கோ போய்விடும். கேட்டவர் தேநீரைக் குடித்து முடித்து, குவளையைக் கழுவியும் வைத்துவிடலாம். அப்போதும் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார்.

பதினொரு வயதில் தாயோடு ரொறன்ரோவில் போய் இறங்கியவர். முதல் மாரியிலேயே பனியை உருட்டி எறிந்து, பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி ஜன்னலை உடைத்தார். பிடித்துக்கொண்டுபோன உடற்பயிற்சி ஆசிரியர் எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாய் என்று கேட்டார். இடத்தைக் காட்டியதும் தண்டனையை மறந்துவிட்டு ஒரு தோல் கையுறையைக் கொடுத்தார். அந்தக் கையுறை செபஸ்தியாம்பிள்ளையின் மகன் றொஜனை அமெரிக்காவின் சின்ன லீக்குகள் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒன்பது வருடம் சம்பளத்துக்கு எறிந்தார். சின்ன லீக் என்பது பெரிய லீக்கின் வாசற்படி. அதில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்களா என்று நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒன்பது வருடமும் யாரும் கூப்பிடவில்லை.

முப்பதாவது வயதில் தோள் போனது. அதே கிளப் அவருக்கு ஒரு மேசையும் தொலைபேசியும் கொடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தது. மழை வந்தால் தார்ப்பாய் விரிக்க ஆள் பிடிப்பது, கரடி வேஷக்காரர் காய்ச்சலில் படுத்தால் தானே கரடிக்குள் இறங்குவது, பிறந்தநாள்காரரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது என்று தொடங்கி, துணைப் பொது மேலாளர் வரை ஏறினார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் லண்டன் நர்ஸ் மெற்றில்டாவைக் கண்டார், கடல் தாண்டினார். இப்போது கிழமை நாட்களில் ஒரு பஸ் கம்பனியில் சாரதிகளுக்கு ஷிப்ட் பிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்கு லண்டனின் ஆறு அணிகள் கொண்ட ஒரு குட்டி பேஸ்போல் லீக்கின் தலைமை நிர்வாகி. மின்னஞ்சலின் அடியில் பெயருக்குக் கீழே 'எக்சிக்யூட்டிவ்' என்று போடுவார். கோடு போடுகிறவர், கழிப்பறைத் திறப்பை வைத்திருக்கிறவர், அறிவிப்பாளர், வெட்டிய புல்லை வாருகிறவர் எல்லாம் அந்த எக்சிக்யூட்டிவ்தான். "எக்சிக்யூட்டிவ் ஐயா, குப்பை வாளியைக் கொஞ்சம் வெளியில வைக்கிறியளோ?" என்பார் மெற்றில்டா. ஐயாவும் வைப்பார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் பனிப்புகார் இடுப்பளவுக்கு நிற்கும். றொஜன் சின்ன ஒலிபெருக்கியைப் பொருத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பெயர்களை வாசிக்கத் தொடங்குவார். அன்று ஆட வருகிறவர்களின் பெயர்கள் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் தன்னோடு பஸ்ஸில் தூங்கி வழிந்த எட்டுப் பேரின் பெயர்கள். ஒருவர் இப்போது கூரை வேலை செய்கிறார், ஒருவர் பாதிரியார், இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார், அந்த ஆள் புகாருக்குள் ஓடிப்போய்த் தன் இடத்தில் நிற்கிற அளவுக்கு. எட்டாவது ஆளும் போய் நின்றபிறகு ஒன்பதாவதாகத் தன் பெயரைச் சொல்லமாட்டார். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மண்வாரியை எடுப்பார். நாயோடு நடக்கிற கிழவி ஒருத்தி ஒருநாள் தூரத்தில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுக் கைதட்டினாள். றொஜனுக்குக் காது சிவந்துபோனது. அதற்காக அடுத்த ஞாயிறு வாசிக்காமல் விடவில்லை.

மேடு ஈரமாக இருந்தால் பூனைகளுக்குக் கழிவுத்தட்டில் போடுகிற மண்ணை வாங்கிக் கொட்டிக் கிளறுவார். தண்ணீரை அது நன்றாகக் குடிக்கும். சின்ன லீக்கில் கற்ற வித்தை. மழைக்காலத்தில் கிழமைக்குப் பத்துப் பை வாங்குவார். சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நிற்கிற தமிழ்ப் பெண் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்: "அங்கிள், குறை நினைக்காதேங்கோ, வீட்டில எத்தினை பூனை?" "ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார் றொஜன். அதன்பிறகு அவள் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

ஆறு அணிகளில் ஒன்று மோர்டன் கிங்ஸ். முழுக்கத் தமிழர்கள், முழுக்க கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். அங்கேதான் வினை. பேஸ்போலில் பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். இவர்கள் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எல்லையில் அதை நீட்டிக் கோடு தொடுவார்கள். "மட்டையைப் போடடா! அதென்ன உன்ர சீதனமே, விடாமல் பிடிச்சுக்கொண்டு ஓடுறாய்?" என்று றொஜன் ஒலிபெருக்கியிலேயே கத்துவார். நடுநிலையான நிர்வாகி அப்படிக் கத்தலாமா என்று மற்ற அணிகள் கேட்டதில்லை. மத்தியானம் அவர் எல்லோருக்கும் ஆட்டிறைச்சி றோல்ஸ் கொடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். "சனம் ஆட்டம் பாக்க வாறேல்லை, சாப்பிட வருது. சாப்பிட வந்த சனம் பிறகு ஆட்டத்தையும் பாக்கும்" என்பது கரடி வேஷத்துக்குள் இருந்த காலத்திலேயே அவர் கண்டுபிடித்தது.

கிங்ஸுக்கு எறிகிறவன் துஷாந்தன். வயது நாற்பத்திரண்டு. சவுத்தாலில் மரக்கறி மொத்தக் கடை ஒன்றில் லொறியிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை. முதல் வருடம் முழங்கையை மடக்காமல், மேட்டைச் சுற்றி ஓடிவந்து எறிந்தான். இன்று லீக்கிலேயே வேகமான கை அவனுடையது. றொஜன் மீது அவனுக்கு ஒரு பக்தியே உண்டு. அந்தப் பக்தி முக்கியமாக ஒரு பந்தைப் பற்றியது.

அந்தப் பந்து எப்போதும் றொஜனின் ஜக்கெற் பையில் இருக்கும், வலது பக்கம். தனியாக மண் கிளறும்போது அவருக்கு இரண்டு கையும் உண்டு. ஆட்கள் முன்னால் நின்றால் வலது கை பைக்குள் போய்விடும், அங்கே பந்தை உருட்டிக்கொண்டே இருக்கும். மாதா கோவிலில் எல்லோரும் இரண்டு கையையும் விரித்துப் பரலோக மந்திரம் சொல்லும்போது இவர் இடது கையை மட்டும் விரிப்பார். கல்யாண வீட்டில் அன்பளிப்பை இடது கையால் நீட்டுவார். வெற்றி பெற்ற அணிக்குக் கோப்பையையும் இடது கையால்தான். தமிழ்ச் சனம் இதைச் சும்மா விடுமா? "பெரிய ஆள் எண்ட எண்ணம்" என்று முணுமுணுத்தது. மெற்றில்டாவுக்கு வெட்கமாக இருக்கும். "கையை எடுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்று இடிப்பார். கை கொஞ்சம் வெளியே வந்து, மணிக்கட்டு வரை தெரிந்து, மறுபடி உள்ளே போய்விடும்.

பந்தைப் பற்றிக் கேட்டால் றொஜன் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையோரத்து ஊர் ஒன்று, வெயில் தாழ்கிற நேரம், ஒரே ஆட்டத்தில் பதினொரு பேரைத் தனியாளாக வெளியேற்றினார், அந்தப் பந்து இது. துஷாந்தன் இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பான். ஆட்டத்துக்கு முன்னால் "அண்ணை, அந்தப் பதினொரு பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்பான். றொஜன் பையிலிருந்து பந்தை எடுத்துக் காட்டுவார். ஒரு பக்கம் பழுப்பேறி, தையல் பிரிந்திருக்கும். அவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போவான்.

பதினொரு பேரை வெளியேற்றியது உண்மை. ஆனால் அந்தப் பந்தைக் கடைசியில் யாரோ அடித்து, அது வேலிக்கு வெளியே சோளத் தோட்டத்துக்குள் போய்விட்டது. பையில் இருப்பது வேறு பந்து. பேஸ்போலில் ஒரு வழக்கம் உண்டு. எறிகிறவரின் கை களைத்துவிட்டது என்று கோச் கண்டால் மேட்டுக்கு நடந்து வருவார், ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை நீட்டுவார். எறிகிறவர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போகவேண்டும். முப்பதாவது வயதில் ஒரு மாலை, கோச் வந்து கையை நீட்டினார். றொஜன் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒருவன், என்னால் முடியும் என்று கெஞ்சினார். கிழட்டுக் கோச் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு எறிந்த நாலாவது எறியில் தோளுக்குள் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பந்து கைநழுவிக் காலடியில் விழுந்தது. அதை இடது கையால் பொறுக்கி, யாரிடமும் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வலது கை இன்றுவரை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. இது மெற்றில்டாவுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முதல் கிழமை தொலைபேசியில் சொல்லியிருந்தார். "நல்லாத்தான் செய்தியள்" என்று மட்டும் அவர் சொன்னாராம்.

இந்த லீக்கில் எத்தனையோ தடவை கோச்சாக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். "எனக்கு ஓஃபிஸ் வேலைதான் சரி" என்று றொஜன் நழுவிவிடுவார். இன்னொருவர் முன்னால் போய்க் கையை நீட்டுகிற வேலை மட்டும் தனக்கு வரக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

போன செப்டெம்பரில் அந்த வேலை வந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் மோர்டன் கிங்ஸும் குறோய்டன்காரரும். அதே நாளில் கிங்ஸின் கோச் அபிஷனுடைய மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான கொண்டாட்டம். மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தது, ஹெலிகொப்டர் தவிர மற்றதெல்லாம் சொல்லியாயிற்று. கோச் இல்லாமல் ஆட முடியாது என்பது விதி. அந்த விதியை எழுதியவரே றொஜன்தான். குறோய்டன்காரர்கள் பெருந்தன்மையாக, "நீங்களே நில்லுங்கள், எங்களுக்கு ஆட்சேபமில்லை" என்றார்கள். எழுதிய விதி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் திறக்கத்தானே வேண்டும். நின்றார்.

மந்தமான வெயில். மரங்களுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் தூக்கத்தில் கேட்கிற மாதிரிக் கேட்டது. துஷாந்தன் நன்றாக எறிந்தான். ஏழு சுற்றில் ஆறு முடிந்தது, கிங்ஸ் ஒரு ஓட்டம் முன்னால். கடைசிச் சுற்றில் ஒருவனை வெளியேற்றிவிட்டான், இன்னும் இரண்டு பேர். ஆறு வருடமாகக் கைக்கு எட்டாத கோப்பை பரிசு மேசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் றொஜன் கண்டார். எறியும்போது துஷாந்தனின் முழங்கை தாழ்ந்துவிட்டது. எறிந்து முடிந்ததும் இடது கையால் வலது தோளை ஒருதரம் பிடித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தான். அந்தப் பார்வையை றொஜனுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தோளுக்கு இன்னும் நாலு எறி, அல்லது ஐந்து.

ஆட்டக்காரர் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்த, கிங்ஸுக்கு மாற்றாக எறிகிற மெலனி எழும்பி நின்றாள். தொடக்கப் பள்ளி உதவி ஆசிரியை, மெதுவாக ஆனால் நேராக எறிவாள். "அங்கிள், நான் போகட்டோ?" என்றாள். றொஜனின் வலது கை பைக்குள் பந்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு எழும்பி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, இருபத்திமூன்று வருடத்துக்குப் பிறகு, ஆட்டத்தின் நடுவே ஒரு மேட்டை நோக்கி நடந்தார். இத்தனை ஞாயிறும் தன் கையால் கிளறிய மண்தான், ஏறும்போது நெடிய மலையாக இருந்தது.

"என்ன அண்ணை, தண்ணியோ?" என்றான் துஷாந்தன். விளங்காததுபோல் நடித்தான்.

"முழங்கை கீழ வந்திட்டுது."

"வரட்டும். எனக்கு ஏலும். ரெண்டே ரெண்டு பேர்."

"நாளைக்கு ஆர் வெங்காய மூட்டை இறக்கிறது?"

"நாளைய அலுவலை நாளைக்குப் பாப்பம்." கோப்பை இருந்த பக்கம் பார்த்தான். "ஆறு வருசம் அண்ணை. இந்தக் கப்புக்காக ஆறு வருசம் எறிஞ்சிருக்கிறன். வேற ஆர் வந்து கேட்டாலும் பரவாயில்லை. பதினொரு பேரை எடுத்த ஆள், நீங்களே வந்து கேக்கிறியளோ?"

நடுவர் நேரமாகிறது என்று மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். துஷாந்தனின் கை பந்தோடு முதுகுக்குப் பின்னால் போனது. அதைப் பார்த்ததும் றொஜன் வலது கையை வெளியே எடுத்து நீட்டினார். உள்ளங்கையில் பழுப்புப் பந்து இருந்தது.

"இது பதினொரு பேரின்ர பந்து இல்லையடா. அது சோளத்துக்குள்ள போட்டுது. இது கோச் வந்து கேட்கேக்கை நான் குடுக்காத பந்து. பின்னுக்கு ஒளிச்சன், இப்ப நீ நிக்கிற மாதிரித்தான். நாலாவது எறியோட என்ர தோள் முடிஞ்சுது. உனக்கு இவ்வளவு நாளும் பொய் சொல்லிப்போட்டன். இதை நீ வைச்சிரு. அதை என்னட்டைத் தா."

துஷாந்தன் அந்தப் பந்தைப் பார்த்தான். நூறு தடவை தொட்டுப் பார்த்த பந்து. கோபமா, அழுகையா, முகத்தில் எது வருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. பழையதை வெடுக்கென்று எடுத்தான். வெறுமையான அந்தக் கையில் புதியதை வைத்தான். சுண்ணாம்புக் கோட்டை வேண்டுமென்றே நன்றாக மிதித்துக்கொண்டு போனான்.

மெலனி பாவம், அவளால் முடிந்ததைச் செய்தாள். அடுத்து வந்த குறோய்டன்காரன் அடித்த பந்து மரங்கள் வரை போனது, ஏற்கெனவே ஓடுபாதையில் நின்ற இரண்டு பேரும் அவனுமாக மூன்று பேர் ஓடி முடித்தார்கள். மோர்டன் கிங்ஸ் இரண்டு ஓட்டத்தால் தோற்றது. கோப்பையை மெற்றில்டாவைக் கொண்டு கொடுக்க வைத்துவிட்டு, றொஜன் ஒலிபெருக்கியில் குறோய்டன்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசித்தார். மோர்டன் பக்கம் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, இனி என்ன செய்யிறது" என்று மெற்றில்டா மட்டும் அவர் காலரைச் சரிசெய்துவிட்டார்.

ஆட்கள் கலைந்தபிறகு வாங்கின் ஓரத்தில் துஷாந்தன் தனியாக இருந்தான். தோளில் ஐஸ் பை, மடியில் பழைய பந்து. கோப்பை போனதற்காகவா, கதை போனதற்காகவா என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. றொஜன் கிட்டப் போய் உட்கார்ந்தார். மன்னிப்பானா, அடுத்த வருடம் இந்த மைதானத்துக்கு வருவானா என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் வலது கை பைக்குள் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெளியே வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழங்காலில் கிடந்தது. பிறகு அட்டைப் பெட்டிக்குள் கடைசியாகக் கிடந்த ஒரு றோல்ஸை எடுத்து, அவனுக்கு முன்னால் நீட்டியது.

துஷாந்தன் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தான். றோல்ஸை வாங்கினான். இரண்டாகப் பிய்த்தான். ஒரு பாதியை, இன்னும் நீட்டியபடியே இருந்த அந்த உள்ளங்கையில் திருப்பி வைத்தான்.